கட்டுநாயக்க அதிவேக வீதி: ஏறுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கொழும்பையும் கட்டுநாயக்க விமான நிலையத்தையும் இணைக்கும் ஈ03 அதிவேக வீதியின் நீளம் 25.8 கிலோமீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றரில் ஒரே சீராக ஓடினால் பதினைந்தரை நிமிடம். 80 இல் ஓடினால் பத்தொன்பது நிமிடமும் கொஞ்சமும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நான்கு நிமிடம்கூட இல்லை. சட்டத்தை மீறி 120 இல் பறந்தாலும் 100 இல் போனவரைவிட இரண்டரை நிமிடம்தான் முன்னால் போய்ச் சேருவீர்கள். அந்த இரண்டரை நிமிடம் விமான நிலைய வாசலில் நடக்கும் பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே கரைந்துவிடும்.

இந்தக் கணக்கைச் சொல்லாமல் இந்த வீதியைப் பற்றி வேறு எதையும் பேச முடியாது. பழைய ஏ3 வீதியில் வத்தளை, கந்தானை, ஜா-எல, சீதுவை என்று ஊர் ஊராக நின்று ஊர்ந்து வரும்போது நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணித்தியாலமும் ஆகும். அதிவேக வீதி மிச்சப்படுத்தித் தரும் நேரம் முழுவதும் சந்திகளும் சமிக்ஞை விளக்குகளும் பாதசாரிக் கடவைகளும் இல்லாததால் கிடைப்பது. வேகமானியின் முள்ளை மேலே ஏற்றுவதால் கிடைப்பது மிகச் சொற்பம். ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது நடுவில் உள்ள 25.8 கிலோமீற்றரை மறந்துவிட்டு, இரண்டு முனைகளையும் பற்றி யோசியுங்கள். விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் அநேகமாக அதிவேக வீதிக்கு ஏறுமுன்பே தவறவிட்டுவிடுகிறார்கள்.

முதலில், ஏற வேண்டுமா என்ற கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி வாடகை வாகனம் எடுப்பவர்களில் சிலர் விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் பச்சைப் பலகையைப் பார்த்து நேரே அதிவேக வீதியில் ஏறிவிடுகிறார்கள். இந்த வீதி தெற்கே, கொழும்புப் பக்கம் போகிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, மன்னார் போகிறவர்களுக்கு இது நேர் எதிர்த் திசை. அவர்கள் ஏ3 வீதியில் வடக்கே திரும்பி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாகப் போய், அங்கிருந்து ஏ12 இல் அனுராதபுரம் போக வேண்டும். திருகோணமலை, மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு மினுவாங்கொடை, திவுலபிட்டி வழியாக மீரிகமவுக்குப் போய், 2022 ஜனவரியில் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேக வீதித் துண்டைப் பிடித்து, குருநாகலில் இறங்கித் தம்புள்ளை, ஹபரணை என்று போவது நல்ல வழி. இவர்கள் யாருக்கும் ஈ03 தேவையில்லை. அதே மாதிரி, யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் நேரே விமான நிலையத்துக்கு வருகிறவர்களும் இந்த வீதியைத் தொடுவதே இல்லை. இடையில் வெள்ளவத்தையில் ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் இது வேண்டும்.

இந்த வீதி யாருக்கு? கொழும்பு நகரத்துக்கும், தெற்கே காலி, மாத்தறைக்கும், மலையகத்தின் சில பகுதிகளுக்கும் போகிறவர்களுக்கு.

அடுத்தது வாகனம். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் அதிவேக வீதியில் ஏற முடியாது. உழவு இயந்திரமும் அப்படித்தான். தொலைபேசிச் செயலியில் மலிவாக இருக்கிறதே என்று ஓட்டோவைக் கூப்பிட்டால், அது ஏ3 வழியாகத்தான் வரும், போகும். பெரிய பயணப்பொதிகளோடு விமானத்துக்குப் போகிறவருக்கு அந்த மிச்சம் வேண்டாம். தனியாகப் போகிறவருக்கு, பொதி குறைவென்றால், அதிவேக வீதியால் ஓடும் 187 இலக்க பஸ் நல்ல தெரிவு.

வீதியின் அமைப்பு

ஈ03 திறந்தது 2013 ஒக்டோபர் 27 அன்று, கொழும்பில் பொதுநலவாய மாநாடு நடப்பதற்குச் சில வாரங்கள் முன்னால். 2011 இல் கொட்டாவ–காலி திறந்ததன் பின் நாட்டில் வந்த இரண்டாவது அதிவேக வீதி இது. தெற்கிலிருந்து வடக்காகப் பார்த்தால் ஏறி இறங்கும் இடங்கள், அதாவது இடமாறல்கள், பேலியகொடை, கெரவலப்பிட்டிய, ஜா-எல, கட்டுநாயக்க. கொழும்பு முனையில், 2021 நவம்பர் 24 அன்று திறந்த புதிய களனிப் பாலம் வீதியை நேரே நகரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. கம்பிகள் தாங்கும் அந்தப் பாலம் வருவதற்கு முன், அதிவேக வீதியில் இருபது நிமிடத்தில் வந்தவர்கள் பழைய பாலத்தடியில் அதைவிடக் கூடுதல் நேரம் நின்றார்கள்.

ஏறும்போது சாவடியில் துண்டு தருவார்கள், இறங்கும்போது அதைக் கொடுத்துக் காசு கட்ட வேண்டும். எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள், என்ன வகை வாகனம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டும் மடியில் போட்டுக்கொண்டும் ஓடாதீர்கள். யன்னலைத் திறந்தால் பறந்துவிடும், இருக்கைக்கு அடியில் விழுந்தால் சாவடியில் நின்று எல்லாரும் குனிந்து தேட வேண்டும், பின்னால் பத்து வாகனம் ஹோன் அடிக்கும். சூரிய மறைப்புத் தட்டில் செருகி வைப்பது வழக்கமாக இருக்கட்டும். துண்டு தொலைந்தால் எங்கே ஏறினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் சாட்சி இல்லை.

விமானத்தால் இறங்கி வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது காசு. கையில் டொலரும் யூரோவும் பவுண்ஸும் இருக்கும், ரூபா இருக்காது. வெளியே வருமுன் வருகை மண்டபத்திலுள்ள வங்கிக் கருமபீடத்தில் கொஞ்சமாவது மாற்றி, சில 500, 100 ரூபாத் தாள்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாவடியில் 5,000 ரூபாத் தாளை நீட்டினால் மிச்சக் காசு எண்ணும்வரை நிற்க வேண்டும். சாவடி ஜன்னல் சாரதியின் பக்கம், அதாவது வலப்பக்கம் இருக்கும். ஒரு முழம் இடைவெளி விட்டு நிறுத்தினால் கை எட்டும். பக்கவாட்டுக் கண்ணாடி உரசிவிடுமோ என்று பயந்து தள்ளி நிறுத்துகிறவர்கள் கதவைத் திறந்து இறங்க வேண்டியதாகிவிடுகிறது.

வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தோடு இங்கே வாகனம் ஓட்டுவது வேறு விடயம். உங்கள் நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் கையில் இருந்தால் போதாது, இலங்கையில் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் அதை விமான நிலையத்திலேயே பெற வழி செய்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

எரிபொருள்: இந்த 25.8 கிலோமீற்றரில் பெற்றோல் நிலையம் கிடையாது. தேநீர்க் கடையும் கழிப்பறையும் உள்ள இளைப்பாறும் இடமும் கிடையாது. தெற்கு அதிவேக வீதியில் வெலிப்பென்னவில் இருப்பது போல இங்கேயும் இருக்கும் என்று நினைத்துச் சிவப்பு விளக்கு எரிய எரிய ஏறாதீர்கள். சாதாரண நாளில் இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம். முன்னால் ஒரு விபத்து நடந்து வழி மறிபட்டால் குளிரூட்டியையும் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டி வரும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் விமான நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுவது நல்லது.

நிலம் தரும் தொல்லை

இந்த வீதியை ஓட்டிப் பழகியவர்கள் எல்லாரும் ஒரு விடயத்தை உடம்பால் உணர்ந்திருப்பார்கள்: சில இடங்களில் வாகனம் மெல்லத் தூக்கிப் போடும். காரணம் நிலம். நீர்கொழும்பு வாவிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் முத்துராஜவெல சதுப்பின் ஊடாக இந்த வீதி போகிறது. அடியில் உள்ளது மக்கிய தாவரங்கள் சேர்ந்த கரிய, நீர் கோத்த மண். பாரத்தை வைத்தால் நனைந்த பஞ்சு மெத்தை போல மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். அதன் மேல் மணலைக் கொட்டி, அமுக்கி, தண்ணீர் வெளியேறும்வரை விட்டு, அதற்குப் பிறகுதான் வீதி போட முடியும். 2000 களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை நடுவில் நின்று, 2009 இல் மறுபடி தொடங்கி, 2013 இல்தான் முடிந்தது.

எவ்வளவு அமுக்கினாலும் இப்படிப்பட்ட நிலம் பல ஆண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆனால் ஓடை, கால்வாய்களின் மேலுள்ள பாலங்கள் ஆழத்தில் உள்ள கெட்டியான படைவரை இறக்கிய தூண்களில் நிற்கின்றன. அவை இறங்குவதில்லை. மண் நிரப்பிய வீதி இறங்குகிறது, பாலம் இறங்காமல் நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி உருவாகிறது. தார் போட்டு அதைச் சரிவாக்குவார்கள், சில காலத்தில் மறுபடி உண்டாகும். இதைத்தான் பாலத்தடியில் நாம் உணர்கிறோம்.

காரில் தனியாகப் போகிறவருக்கு இது ஒரு சிறு குலுக்கல். முழுதாகப் பாரம் ஏற்றிய வானுக்கு அப்படி இல்லை. கணக்குப் பாருங்கள்: குடும்பத்தில் நான்கு பேர் வருகிறார்கள், ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பொதி, 7 கிலோ கைப்பை. மொத்தம் 212 கிலோ. அவர்களைக் கூட்டிப்போக ஊரிலிருந்து ஐந்து பேர் வந்திருப்பார்கள். பொதிகள் பின்னிருக்கைக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருக்கும், மிச்சம் கூரை மேல். பாரம் முழுவதும் பின்சில்லில் இருப்பதால் முன்பக்கம் இலகுவாகி, ஸ்ரியறிங் லேசாகிவிடும். இந்த நிலையில் 100 இல் பாலத்தடிப் படியில் ஏறினால், பின்பக்கம் அமுங்கி எழும்பும் நேரத்தில் முன்சில்லின் பிடி குறைகிறது. அதே கணத்தில் தடம் மாற முயன்றால் வாகனம் ஆடும். ஆகவே பாரம் ஏற்றிய வானுக்கு 80 போதும், பாலம் வருவது தெரிந்தால் ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு கடவுங்கள், பாலத்தின் மேல் முந்த வேண்டாம்.

பொதி அடுக்கும்போது கனமானவை கீழே, முடிந்தவரை வாகனத்தின் நடுப்பக்கமாக. கூரையில் கனம் குறைந்தவை மட்டும். கூரைப் பொதியை ஒரே கயிற்றால் குறுக்கே கட்டினால் காற்று முன்பக்கத்தால் புகுந்து தூக்கும், நீளவாக்கிலும் ஒரு கட்டு வேண்டும். தார்ப்பாயின் முன்விளிம்பு படபடத்தால் அப்போதே நிறுத்திக் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். வாவிப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு இந்த வீதியில் மறைப்பு அதிகம் இல்லை. உயரமான கூரை கொண்ட வானையும் அதன் மேலுள்ள பொதியையும் அது பக்கவாட்டில் தள்ளும். பெரிய லொறியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்று, முந்தி வெளியே வந்ததும் சட்டென்று அடிக்கும். அந்த இடத்தில் ஸ்ரியறிங்கை ஒரு கையால் பிடித்திருக்கக் கூடாது.

ரயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் வீதியில் 50 இல் ஓடும்போது காற்றுக் குறைந்த ரயர் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. 100 இல் அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறும், பாரமும் வெயிலும் சேர்ந்தால் வெடிக்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் ஆட்கள் குறைவாக இருக்கும்போதும் முழுப் பாரத்தோடும் எவ்வளவு காற்று வேண்டும் என்று போட்டிருப்பார்கள். முழுப் பாரத்துக்கான அளவைப் பார்த்து, வாகனம் ஓடிச் சூடாகுமுன் அடியுங்கள். மேலதிக ரயரிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதைப் பல மாதங்களாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மழைக்கு வருவோம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழை சில நிமிடங்களில் வீதியின் மேல் தண்ணீர்ப் படலம் போட்டுவிடும். காய்ந்த வீதியில் 100 இல் போகும் வாகனம், சாரதி ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தையும் சேர்த்து, நிற்க ஏறக்குறைய 100 மீற்றர் எடுக்கும். ஈர வீதியில் அது 140 மீற்றர் அளவுக்குப் போகும். தேய்ந்த ரயரென்றால் அதைவிட அதிகம். மழை நேரத்தில் வேகத்தை 60 ஆகக் குறைக்கும்படி அதிகாரிகள் அறிவிப்பதுண்டு. அது அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. வீதி இறங்கிப் பள்ளமான இடங்களில் தண்ணீர் தேங்கும், அதில் ஒரு பக்கச் சில்லு மட்டும் ஓடினால் வாகனம் அந்தப் பக்கம் இழுக்கும். இழுத்தால் பிரேக்கை அமுக்காதீர்கள். அக்சிலரேற்றரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்ரியறிங்கை நேரே பிடியுங்கள், பிடி தானே திரும்பும். நான்கு விளக்கும் மின்னும் ஹசார்ட் லைற்றைப் போட்டுக்கொண்டு ஓடுவது இங்கே பெரும் வழக்கமாகிவிட்டது. அப்படி ஓடினால் நீங்கள் தடம் மாறுவதும் தெரியாது, நின்றுவிட்டீர்களா ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. மழையில் வேண்டியது முன்விளக்கு. ஹசார்ட் நின்றுபோன வாகனத்துக்கு.

சில விடியற்காலைகளில் சதுப்பின் மேல் பனிமூட்டம் படுக்கும். நெடுவிளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். குறுவிளக்கும் இடப்பக்கக் கோடும் போதும்.

தடம், தூரம், தூக்கம்

உச்ச வேகம் 100. கொழும்பு முனையை நெருங்கும்போது பலகைகள் அதைக் குறைத்துக்கொண்டே வரும். பொலிஸார் வேகமானிக் கருவியோடு நிற்பார்கள். இடத்தடம் ஓடுவதற்கு, வலத்தடம் முந்துவதற்கு. இந்தச் சின்ன விதியை மதிக்காததால் வரும் தொல்லைதான் இந்த வீதியில் மிகப் பெரியது. 70 இல் போகும் ஒருவர் வலத்தடத்திலேயே ஊன்றி நிற்பார். பின்னால் வருபவர் பொறுமையிழந்து இடப்பக்கத்தால் வெட்டி முந்துவார். அந்த நேரம் இடத்தடத்தில் ஒரு லொறி போய்க்கொண்டிருக்கும். முந்தி முடிந்ததும், பின்னால் உள்ள வாகனம் உட்கண்ணாடியில் முழுதாகத் தெரிந்ததும், இடத்துக்கு வந்துவிடுங்கள்.

முன்வாகனத்துக்கும் உங்களுக்கும் இடைவெளி இரண்டு வினாடி என்பது 100 இல் 55 மீற்றர். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள். முன்வாகனம் ஒரு பலகையைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் கடக்கும்போது எத்தனை வினாடி என்று பார்த்தால் போதும். அந்த இடைவெளியில் ஒருவர் வந்து புகுந்தால், காலை எடுத்து மறுபடி இடைவெளியை உண்டாக்குங்கள். அதற்காகும் நேரம் இரண்டு வினாடிதான்.

நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் வந்திறங்கும் விமானங்கள் அதிகம். கூட்டிப்போக வரும் சாரதி பகல் முழுதும் ஓடிவிட்டு, இரவு பதினொன்றுக்கு வந்து காத்திருந்து, இரண்டு மணிக்குத் திரும்ப ஓடுவார். நேரான, வளைவில்லாத, ஒரே சத்தமுள்ள வீதி தூக்கத்தை அழைக்கும். இருபது நிமிடம்தானே என்று இதை அலட்சியப்படுத்துகிறார்கள். 100 இல் ஓடும் வாகனம் மூன்று வினாடிக் கண் அயர்வில் 80 மீற்றருக்கு மேல் யாருமில்லாமல் போகிறது. காத்திருக்கும் நேரத்தில் சாரதி இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கட்டும். முன்னிருக்கையில் இருப்பவர் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆசனப்பட்டி முன்னாலும் பின்னாலும் எல்லாருக்கும், மடியில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மம்மாவுக்கும்தான். அவர் கட்டிய பட்டிக்குள் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றக் கூடாது, மோதலில் அவருடைய உடம்பே பிள்ளையை நசுக்கும். பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும். வெளிநாட்டில் அப்படித்தானே வைத்திருக்கிறீர்கள், இங்கேயும் கொண்டுவாருங்கள்.

எங்கே இறங்குவது

பலகைகள் மூன்று மொழியிலும் உண்டு, முன்கூட்டியே வரும். ஆனாலும் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறவிட்டால் அடுத்த இடமாறல்வரை போய் இறங்கித் திரும்பி வருவதுதான் வழி. ஓரத்தில் நிறுத்திப் பின்னோக்கி எடுப்பதைச் செய்யவே கூடாது. பின்னால் வருகிறவர் உங்களை ஓடும் வாகனமென்றே நினைப்பார், நீங்கள் எதிரே வருகிறீர்கள் என்று விளங்கும்போது தூரம் முடிந்திருக்கும்.

கெரவலப்பிட்டியவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கொழும்பின் வெளிச்சுற்று வீதியான ஈ02 இங்கே வந்து சேர்கிறது. 2019 நவம்பரில் கடவத்தை–கெரவலப்பிட்டியத் துண்டு திறந்ததிலிருந்து, விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் நுழையாமலே காலி, மாத்தறைவரையும், 2020 பெப்ரவரியிலிருந்து அம்பாந்தோட்டைவரையும் அதிவேக வீதியிலேயே போகலாம். விமான நிலையத்திலிருந்து வரும்போது நகரத்துக்குப் போகிறவர் நேரே, ஈ02 க்குப் போகிறவர் இடப்பக்கம். பலகையைக் கண்டதுமே இடத்தடத்துக்கு வந்துவிடுங்கள்.

ஈ02 இல் எங்கே இறங்குவது என்பது போகும் ஊரைப் பொறுத்தது. கண்டி போகிறவர் கடவத்தையில் இறங்கி ஏ1 ஐப் பிடிக்கலாம். நேர நெரிசலைப் பொறுத்து, விமான நிலையத்திலிருந்தே மினுவாங்கொடை, வேயங்கொடை வழியாக நிட்டம்புவையில் ஏ1 இல் சேர்வது சில வேளை மேல். ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாவுக்குப் போகிறவர் கடுவலையில் இறங்கி ஹங்வெல்ல, அவிசாவளை போய் ஏ7 இல் ஏறினால் கண்டியைச் சுற்ற வேண்டியதில்லை. மாலபே, பத்தரமுல்லைக்கும் கடுவலைதான். மஹரகம, நுகேகொடைக்குக் கொட்டாவ.

நகரத்துக்குள் போகிறவர்கள் புதிய களனிப் பாலத்தில் ஏறுமுன் முடிவெடுத்திருக்க வேண்டும். பாலத்தின் மறுபக்கம் வழி பிரிகிறது. இங்குருக்கடைச் சந்திப் பக்கம் இறங்கினால் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டை, கோட்டை. ஒருகொடவத்தைப் பக்கம் இறங்கினால் பேஸ்லைன் வீதியால் தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை. வெள்ளவத்தைக்குப் போகிறவருக்கு இரண்டும் சரிவரும். இரவிலும் விடியற்காலையிலும் கோட்டைக்கு வந்து, கொள்ளுப்பிட்டியிலிருந்து கடலோர மரைன் டிரைவால் போவது நிம்மதி. பகலில் துறைமுகத்துக்குப் போய்வரும் கொண்டெய்னர்கள் இங்குருக்கடைச் சந்தியை நிறைத்திருக்கும், அப்போது பேஸ்லைனால் கிருலப்பனைவரை வந்து ஹவ்லொக் பக்கம் திரும்புவதையே நான் சொல்வேன். அலுவலகம் முடியும் நேரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

நேரக் கணக்கு

புறப்படும் விமானத்துக்குப் பின்னிருந்து எண்ணுங்கள். இரவு 9 மணிக்கு விமானம் என்றால், பொதி கொடுக்கும் கருமபீடத்தில் 6 மணிக்கு நிற்க வேண்டும். வார நாளில் பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து விமான நிலைய வாசல்வரை இரண்டு மணித்தியாலம் வையுங்கள். அதில் அதிவேக வீதிக்கு இருபது நிமிடம், மிச்சம் எல்லாம் பேலியகொடைவரையும் கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும். ஆகவே 4 மணிக்கு வாகனம் வாசலை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பொதியைக் கூரையில் கட்டத் தொடங்குவது 4 மணிக்கு என்றால் பிந்திவிட்டது. அதிகாலை விமானத்துக்கு நள்ளிரவில் கிளம்பினால் ஐம்பது நிமிடம் தாராளம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாட்களில் சாவடி வரிசை நீளும். நத்தாரை ஒட்டிய நாட்களும், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வருகிறவர்கள் நிறையும் ஜூலை, ஓகஸ்டும் விமான நிலையப் பக்கத்தில் நெரிசலான காலம். அப்போது இன்னும் முக்கால் மணித்தியாலம் கூட்டுங்கள்.

ஆட்களை ஏற்ற வருகிறவர்கள் விமானம் தரையிறங்குமுன் வந்து நிற்கத் தேவையில்லை. குடிவரவு, பொதி, தீர்வையற்ற கடை என்று அவர்கள் வெளியே வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைப் பார்த்து, இரவில் அது தரையிறங்கும் நேரத்துக்குக் கொழும்பிலிருந்து கிளம்பினால் போதும். முன்னாலேயே வந்துவிட்டால் விமான நிலையத் தரிப்பிடத்திலோ ஏ3 இலுள்ள தேநீர்க் கடைகளிலோ காத்திருங்கள். அதிவேக வீதியின் ஓரத்தில் நிறுத்தி அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த ஓரம் பழுதான வாகனத்துக்கும் அம்புலன்ஸுக்கும் உரியது.

நின்றுபோனால்

வாகனம் இழுக்காமல் போவது தெரிந்ததும், முழுதாக நிற்குமுன் உருண்டோடும் வேகத்தைப் பயன்படுத்தி இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். தடுப்போடு ஒட்டி நிறுத்தி, முன்சில்லை இடப்பக்கம் திருப்பி வையுங்கள். ஹசார்ட் லைற், உள்விளக்கு. இடப்பக்கக் கதவால் எல்லாரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால், வாகனத்துக்குப் பின்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். வாகனத்துக்கு முன்னால் நின்றால், பின்னாலிருந்து வந்து மோதும்போது அது உங்கள் மேலேயே தள்ளப்படும். மழை என்று உள்ளே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். எச்சரிக்கை முக்கோணத்தை ஓரத்தில் 50 மீற்றருக்கு மேல் பின்னால், தடுப்புக்கு வெளிப்புறமாக நடந்துபோய் வையுங்கள்.

இடப்பக்க ரயர் என்றால் ஓரத்தில் மாற்றலாம். வலப்பக்க ரயர் என்றால் நீங்கள் குந்தியிருக்கும் இடம் ஓடும் தடத்துக்கு ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும். அதை நீங்களாக மாற்ற முயல வேண்டாம். உதவி எண் வீதியோரப் பலகைகளில் இருக்கும். ஏறும்போதே அதைத் தொலைபேசியில் பதிந்துவைத்து, அழைத்து, அருகிலுள்ள கிலோமீற்றர்க் கல்லின் எண்ணையும் கொழும்புப் பக்கமா விமான நிலையப் பக்கமா என்பதையும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மீட்பு வாகனம் மறுபக்கத்தில் வந்து நிற்கும்.

விமானத்துக்குப் போகும் வழியில் நின்றுபோனால், வாகனம் திருத்தும்வரை காத்திருக்காமல், வாகனத்தை விட்டுத் தள்ளி நின்றபடியே வேறு வாடகை வாகனத்தை அழைத்துவிடுங்கள். அதுவும் இதே ஓரத்தில் வந்து நிற்கக் கூடாது என்பதால், மீட்பு வாகனம் உங்களை அடுத்த இடமாறலுக்குக் கொண்டுபோகும் நேரத்தைக் கேட்டு, அந்தச் சாவடிக்கு வெளியே வரச் சொல்லுங்கள். முன்னால் விபத்து நடந்து வழி அடைபட்டிருப்பதாகத் தெரிந்தால், விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ஜா-எலவில் இறங்கி ஏ3 ஐப் பிடிக்கலாம். சீதுவையைக் கடந்து, சுதந்திர வர்த்தக வலயத்தின் வேலை மாறும் நேரமாக இல்லாவிட்டால், அங்கிருந்து கனடா நட்புறவு வீதிக்கு வந்து சேர அரை மணித்தியாலம்.